புதன்கிழமை மூட்டை

அத்தியாயம் 9

சென்ற வாரம் மயிலாத்தாளைத் தோட்டத்துச் சாளையில், ஊரைவிட்டு ஒதுங்கிய குடிசையில், மகள் பூவாத்தாளின் தலைமாட்டில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். குழந்தையின் உடம்பில் வந்திருப்பது வெறும் வேர்க்குரு என்று மாமியார் சென்னியம்மாள் அடித்துச் சொன்னதும், நாலைந்து நாளில் அவை நீர் கோத்து உடைந்து அந்தப் பேச்சைப் பொய்யாக்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அம்மைதான். ஆனால் அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காரணம் தெய்வாத்தாள்.

தெய்வாத்தாள் சென்னியம்மாளின் கடைசி மகள். இருபத்து நாலு வயதாகியும் கழுத்தில் தாலி ஏறவில்லை. இரண்டு இடம் வந்து, பேசி, கூடாமல் போயிற்று. மூன்றாவதாகப் போத்தனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. தோட்டம், பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஜின் ஆலை, ஒரே பையன். இந்தப் புதன்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்துகொள்ள வருகிறார்கள். அம்மை போட்ட வீடு என்று காதில் விழுந்தால் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

ஆகவே பூவாத்தாள் தன் அம்மாயி, அதாவது தாயைப் பெற்ற பாட்டி, ஊருக்குப் போயிருப்பதாகச் சென்னியம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். மயிலாத்தாள் பருத்திக் காவலுக்குச் சாளையில் தங்குகிறாள் என்றாள். தெய்வாத்தாளும் இரண்டையும் நம்பிக்கொண்டிருந்தாள். குழந்தையோ சாளையில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது. நல்லவேளையாக, அம்மை இறங்கத் தலைக்கு ஊற்றும் மூன்று தண்ணீரில் இரண்டு இப்போது ஊற்றியாகிவிட்டது. புண்ணெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாம் தண்ணீர். பிழைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் மறைத்துவிடலாம். அழுக்குத் துணியை மறைக்க முடியுமா? அங்கேதான் வந்தது வினை.

அந்த வீட்டில் துணி துவைப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. சர்க்கார் சட்டத்தை மீறினாலும் மீறலாம், சென்னியம்மாளின் சட்டத்தை மீற முடியாது. கட்டிய சீலையை இரண்டு நாள் கட்ட வேண்டும். மூன்றாம் நாள் கிணற்றடியில் வெறும் தண்ணீரில் அலசிப் போட வேண்டும். சவுக்காரமும் வெள்ளாவியும் வாரத்துக்கு ஒரு தடவைதான். புதன்கிழமை காலையில் ஏகாலி ரங்காயி வந்து மூட்டையை எடுத்துப் போவாள்.

கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்த மயிலாத்தாள், கல்யாணமான புதிதில் தினமும் துணி துவைக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. "தெனமும் போட்டுக் கசக்குனா நூலு என்னத்துக்கு ஆவும்? உங்கப்பன் மில்லு வெச்சிருக்கறானா?" என்று மாமியார் கேட்ட கேள்வி இன்னும் அவள் காதில் இருக்கிறது.

ஆனால் வீட்டில் அம்மை வந்துவிட்டால் அந்தச் சட்டமும் செல்லாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை துணியை வெளுக்கப் போடக்கூடாது. ஏகாலி வாசலுக்கு வரக்கூடாது. அம்மையாக வந்திருக்கும் மாரி ஆத்தாள் கோபித்துக்கொள்வாள் என்பது ஊர் அறிந்த வழக்கம். அதனாலேயே ஒரு வீட்டில் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல மூட்டை போடவில்லையென்றால், வாசலில் வேப்பிலை செருகாமலே ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

போன புதன்கிழமை ஏதோ ஒரு சாக்குச் சொல்லி ரங்காயியைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. இந்தப் புதன்கிழமையும் அனுப்ப முடியாது. உறவு பேச ஒறம்பரை வருகிற நாளில் எவளாவது அழுக்கு மூட்டையை வீட்டிலேயே வைத்துக்கொள்வாளா?

வழி சொன்னவள் மயிலாத்தாள்தான். தன் சீர்ப்பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்த நூல் சீலைகளை எடுத்து, மாடு கட்டும் கட்டுத்தரை மண்ணில் போட்டு மிதித்து, அழுக்காக்கி, அதை மூட்டை கட்டிக் கொடுத்துவிடலாம் என்றாள். குழந்தைக்குப் பக்கத்தில் போன எந்தத் துணியும் அதில் சேராது. ரங்காயிக்கும் கேடில்லை, ஆத்தாளுக்கும் குற்றமில்லை.

சென்னியம்மாளும் ஒப்புக்கொண்டாள். "நல்ல சீலையப் போட்டு மிதிக்கறதுக்கு மனசு வருதா பாரு உனக்கு," என்று முணுமுணுத்ததோடு சரி.

புதன்கிழமை விடிந்தது. மயிலாத்தாள் சாளைக் கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்த சீலையை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு சீலை கட்டினாள். ஏற்கனவே அம்மை வந்து மீண்ட பண்ணையாள் கிழவி ஒருத்தியைக் குழந்தைக்குக் காவல் வைத்தாள்.

"அம்மா, நானும் ஊட்டுக்கு வாரேன்," என்றது குழந்தை.

"வெள்ளிக்கெழமை வரலாங் கண்ணு. தண்ணி ஊத்திப்போட்டு, புதுப் பாவாடை கட்டி, உங்கப்பன் தூக்கிட்டு வருவாரு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் அடுப்பு நாலும் எரிந்துகொண்டிருந்தன. சீலைகளை மிதித்து மூட்டை கட்டி வைத்துவிட்டு, கச்சாயப் பலகாரத்துக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள் மயிலாத்தாள். புருஷன் பாலுசாமி வாசலில் பாய் விரிக்கச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தான். மகளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் யார் காதிலாவது விழுந்துவிடுமாம். என்ன மனிதனோ!

ரங்காயி வந்த சத்தம் வீட்டுப் பின்புறப் பொறக்கடையில் கேட்டது. கழுதையின் கனைப்பு, அவளுடைய எட்டு மாதக் குழந்தையின் மழலை, பிறகு சென்னியம்மாளின் குரல். மயிலாத்தாள் கையில் மாவோடு எழுந்து ஜன்னலருகே வருவதற்குள் கழுதை கிளம்பிவிட்டது. மூட்டைமேல் குழந்தையை உட்கார வைத்து, ஒரு கையால் பிடித்தபடி ரங்காயி போய்க்கொண்டிருந்தாள்.

மூட்டை பெரிதாக இருந்தது. தான் கட்டிய மூட்டை அவ்வளவு பெரிது இல்லையே என்று மயிலாத்தாளுக்குப் பட்டது.

பொறக்கடை அறைக்கு ஓடினாள். அங்கே ஒரு சாக்கில், மேலே வேப்பிலை போட்டு, ஒரு சென்னிமலைத் துப்பட்டியைச் சுற்றி வைத்திருந்தாள். சாளைக்குக் கொண்டுபோவதற்கு முன் பூவாத்தாள் படுத்திருந்த துப்பட்டி. கொப்புளம் உடைந்து வடிந்ததெல்லாம் அதில்தான். அதை எரித்துவிட வேண்டும் என்று மயிலாத்தாள் அன்றே சொன்னாள். ஆத்தாள் படுத்த துணியை மூன்றாம் தண்ணீருக்கு முன் நெருப்பில் போடக்கூடாது என்று தடுத்துவிட்டாள் சென்னியம்மாள்.

சாக்கு வெறுமையாகக் கிடந்தது. வேப்பிலை தரையில் சிதறியிருந்தது.

"அத்தை! துப்பட்டி எங்கீங்க?"

சென்னியம்மாள் வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தத் துப்பட்டி?"

"உங்களுக்குத் தெரியுமுங்க."

"கத்தாத புள்ள, ஒறம்பரை வர நேரம். அவ மூட்டையத் தூக்கிப் பாத்துப்போட்டு, படுக்கைத் துணி ஒண்ணுகூட இல்லீங்களா பண்ணாடிச்சின்னு என்ற மூஞ்சியவே பாத்தா. போன வாரமும் போடலையேங்கறா. நான் என்ன பண்ணட்டும்? கைக்கு எட்டுனதை எடுத்து வெச்சுப்போட்டேன்."

"அது மேல என்ன வடிஞ்சு கெடந்துச்சுன்னு தெரியாதுங்களா உங்களுக்கு?"

"அவ வேக வெச்சுத்தான வெளுக்கப் போறா?"

"வேக வெக்கறது பொறகுங்க அத்தை. அவ கொழந்தை இப்ப மூட்டை மேல உக்காந்துட்டுப் போகுது!"

சென்னியம்மாளின் கை ஒரு கணம் நின்றது. அவளும் பெற்றவள்தானே. ஆனால் அந்தக் கணம் போய்விட்டது.

"அவிங்க எத்தனை ஊட்டு அழுக்கைப் பாத்தவிங்க. அவிங்களுக்கெல்லாம் ஒண்ணும் வராது. மாரியாத்தாளுக்கு மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சிருக்கறேன். நீ போயி மாவப் பெசை."

மயிலாத்தாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருஷமாக இந்த அம்மாளுக்கு எதிரில் நின்று பேசியதில்லை. இன்று பேசியும் பயனில்லை. பொறக்கடைக் கதவைப் பார்த்துத் திரும்பினாள்.

"போனீன்னா அவகிட்ட என்னன்னு சொல்லுவ?" சென்னியம்மாள் எழுந்து வந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள். "ஏகாலிச்சி காதுல போட்டா, பொழுது சாயறதுக்குள்ள கருமத்தம்பட்டி வரைக்கும் போயிரும். என்ற புள்ள தலையில மண்ணை வாரிப் போட்டுறாத மயிலு. உன்ற காலுல வேணும்னாலும் உழுகறேன்."

"அம்மா, தள்ளுங்க."

குரல் வந்த பக்கம் இருவரும் திரும்பினார்கள். தெய்வாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். தலையில் பூ, நெற்றியில் புதுப் பொட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

"பூவாத்தா எங்க இருக்கறா, நங்கை?" என்று அண்ணன் மனைவியைக் கேட்டாள்.

"சாளையில."

"பொழைச்சுக்குவாளா?"

"பொழைச்சுக்கிட்டா."

தெய்வாத்தாள் தாயின் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்திவிட்டு, கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள்.

"வெரசாப் போயிட்டு வாங்க நங்கை. அவிங்க வரதுக்குள்ள வந்துருங்க," என்றாள். இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்று பாவம், அவளுக்கு ஒரு நப்பாசை.

வண்டிப்பாதை சுற்று. மயிலாத்தாள் பருத்திக் காட்டில் குறுக்கே விழுந்து ஓடினாள். பருத்தி மாறு காலைக் கிழித்தது. குளத்துத் துறையில் வெள்ளாவிப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ரங்காயியின் புருஷன் ராமுலு அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். ரங்காயி மூட்டைகளை அவிழ்த்துத் துணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். புங்க மரத்தடியில், நாலாக மடித்த துப்பட்டியின்மேல், குழந்தை கன்னத்தை அழுத்தித் தூங்கிக்கொண்டிருந்தது.

"ரங்காயி! கொழந்தையத் தூக்கு! சீக்கரம் தூக்கு!"

பாம்பு என்று நினைத்தாள் ரங்காயி. ஒரே பாய்ச்சலில் வந்து குழந்தையை வாரிக்கொண்டு விலகினாள். "எங்கீங்க? எந்தப் பக்கமுங்க போச்சு?" என்று தரையைத் தேடினாள்.

மயிலாத்தாள் பதில் சொல்லாமல் துப்பட்டியைச் சுருட்டி எடுத்துப்போய் வெள்ளாவி அடுப்புக்குள் திணித்தாள்.

"ஐயையோ, சின்னப் பண்ணாடிச்சி! ஏனுங்க அதப் போயி அடுப்புல போடறீங்க? பெரிய பண்ணாடிச்சி என்னையத்தானுங்க கேப்பாங்க!"

"பூவாத்தாளுக்கு ஆத்தா வந்திருக்கறா, ரங்காயி. அது அவ படுத்திருந்த துப்பட்டி."

ராமுலு கையில் விறகோடு அப்படியே நின்றான். ரங்காயி மயிலாத்தாளையே பார்த்தாள்.

"அம்மாயி ஊருக்குப் போயிருக்கறான்னு சொன்னாங்க?"

"பொய்."

"எப்பருந்துங்க?"

"போன புதனுக்கு முந்தின புதன். அதுக்கு மொத நாளுதான் மேல பொரிப்பொரியாக் கண்டுச்சு."

ரங்காயி விரல் மடக்கி நாளை எண்ணினாள். "அந்தப் புதன்கெழமை நீங்கதானுங்க மூட்டை கட்டிக் குடுத்தீங்க. அதுல பூவாத்தா பாவாடை ரெண்டு இருந்துச்சு. புள்ள வெயில்ல அழுகுதுன்னு அதைத்தானுங்க நான் மேல போத்துனேன்."

"வேர்க்குருன்னு நெனச்சேன் ரங்காயி. சத்தியமா வேர்க்குருன்னுதான் நெனச்சேன்."

ரங்காயி அழவில்லை, திட்டவில்லை. இதுவரை செய்யத் துணியாத ஒரு காரியத்தைச் செய்தாள். பண்ணைக்காரப் பண்ணாடி வீட்டு மருமகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் குழந்தையின் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

நெற்றி கொதித்தது.

"முந்தாநாத்துல இருந்துங்க. பல்லு மொளைக்குதாட்ட இருக்குதுன்னு இருந்தேன்."

மயிலாத்தாள் கையை எடுக்க முடியாமல் நின்றாள். இத்தனை நாள் எல்லாக் குற்றமும் மாமியாருடையது என்று அவள் மனம் ஆறியிருந்தது. அந்த ஆறுதலும் போயிற்று. துப்பட்டிக்காக ஓடி வந்தாளே, துப்பட்டிக்கு முன்னாலேயே தன் கையால் கட்டிக் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

துப்பட்டி எரிந்து முடிந்ததும் ராமுலு குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து அடுப்பில் ஊற்றினான். சுர்ரென்று ஆவி எழும்பி அடங்கியது. ஏகாலி வீட்டில் அம்மை என்றால் வெள்ளாவி எரியக்கூடாது. ஊர்த் துணியெல்லாம் அரைவேக்காடாக அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

"பொகை நின்னுபோச்சுன்னா ஊருக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க," என்றான் அவன். "எங்கூட்டுலருந்துதான் ஊருக்குள்ள ஆத்தா வந்தான்னு சொல்லுவாங்க. எங்களை இருக்க உடமாட்டாங்க."

"நான் சொல்றேன். எங்கூட்டுலருந்துதான் வந்துச்சுன்னு நானே சொல்றேன்."

"எப்பங்க சொல்லுவீங்க?" ரங்காயி கேட்டாள். "உப்புச் சக்கரை மாத்துன பொறகுங்களா?"

மயிலாத்தாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கொழந்தைய வெய்யல்ல வெக்காத. வேப்பிலை பறிச்சுப் போடு. நான் திரும்பி வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே பருத்திக் காட்டுக்குள் இறங்கி ஓடினாள்.

கிழிந்த காலோடு அவள் வீடு வந்து சேர நேரமாகிவிட்டது. வாசலில் வில்வண்டிகள் நின்றன. மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பொறக்கடை வழியாக நுழைந்தவளின் காதில் முதலில் விழுந்தது மாமியாரின் குரல்தான்.

"துறையில பொகை நின்னுபோச்சுன்னு ஆளு வந்து சொல்றாங்க. நம்ம ஏகாலி ஊட்டுல ஆத்தா வந்திருக்கறாளாட்ட இருக்குது. அதுக்கென்னுங்க, அவிங்க ஊருக்கு வெளிய அக்கட்டத்தான குடியிருக்கறாங்க. நாம நம்ம காரியத்தைப் பாப்பமுங்க."

மயிலாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். நடுவீட்டில் இரண்டு தாம்பாளங்கள் இருந்தன. ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை. மாப்பிள்ளையின் தாயார் கனத்த உடம்போடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் மயிலாத்தாளின் கிழிந்த சீலைத் தலைப்பிலும், ரத்தம் கசியும் காலிலும் பதிந்தது.

"நீதான் மருமகளா அம்மணி? துறைக்கா போயிருந்த? அங்க நெசமாலுமே அம்மையா?"

வீடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சென்னியம்மாளின் கண்களில் அதிகாரம் இல்லை. பிச்சை கேட்கிறவளின் கண்களாக இருந்தன. உள் அறைக் கதவோரம் தெய்வாத்தாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை அது. அந்த ஒரு வார்த்தையில் தெய்வாத்தாளுக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

"ஆமாங்க," என்றாள் மயிலாத்தாள். சென்னியம்மாள் மூச்சு விடுவது கேட்டது. "ஆனா அவிங்ககிட்டருந்து வரலீங்க. எங்கூட்டுலருந்து போச்சுங்க. என்ற மவளுக்கு அம்மை. ரெண்டு வாரமாச்சு, சாளையில இருக்கறா. மூணாந் தண்ணி இன்னும் ஊத்தலீங்க. அதுக்கு முந்தியே துணியப் போட்டு அந்தக் கொழந்தைக்கு ஒட்ட வெச்சுப்போட்டோம்."

மாப்பிள்ளையின் தாயார் சர்க்கரைத் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தார். மேலே கிடந்த துணியால் அதை மூடி முடிச்சுப் போட்டார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. "வண்டியப் பூட்டச் சொல்லுங்க," என்றார்.

சென்னியம்மாள் சுவரில் சாய்ந்து சரிந்தாள். "கெடுத்துப்போட்டயே! என்ற புள்ள குடியக் கெடுத்துப்போட்டயேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மயிலாத்தாளுக்கோ, ராமுலுவுக்குக் கொடுத்த வாக்கு நின்றது, இனி அவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று மனம் ஒரு பக்கம் தைரியப்பட்டது. புருஷன் என்ன சொல்வானோ என்று தேடினாள். பாலுசாமியைக் காணோம். ஆட்களையும் காணோம்.

"நங்கை," என்றாள் தெய்வாத்தாள். தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்திருந்தாள். கண்ணில் நீர் இல்லை. "அண்ணனைத் தேடறீங்களா?"

"எங்க போயிட்டாரு?"

"பொகை நின்னுபோச்சுன்னு ஆளு வந்து சொன்னதும் கெளம்பிட்டாரு. வண்டிப்பாதையில போனாரு, அதான் நீங்க பாக்கலை. நாலு ஆளும் சீமெண்ணெய் டின்னும் கொண்டுட்டுப் போயிருக்கறாரு. ரங்காயி குடிசையக் கொளுத்திப்போட்டு, அவிங்களை ஊரை உட்டே வெரட்டிட்டு வாரேன்னு ஒறம்பரை முன்னால சொல்லிட்டுப் போனாரு, நங்கை."